மாமாவின் யெஸ்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்த 18 மாதங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் என் தாய்மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டம் உண்டு. அந்த வீட்டுப் புறவாசலில், ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் மெஷின் நிற்கிற சாய்ப்பின் மூலையில், 1976ஆம் ஆண்டில் வாங்கிய யெஸ்டி 250 ஒன்று 2004 முதல் அசையாமல் நின்றது. காய்ந்த ஷீட்டையும் ஒட்டுப்பால் சாக்கையும் பின்னால் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் கடைக்குப் போய்வந்த வண்டி அது. "ஒரு மழையில நின்னுபோச்சு மக்கா, கரண்டு வரல்ல, பொறவு பாப்போம்னு விட்டேன்" என்பதுதான் அது நின்றதற்கு மாமா சொன்ன ஒரே விளக்கம். 2022 மே மாதம், பள்ளிக் கோடை விடுமுறையில், லோடு ஆட்டோவில் ஏற்றி ராஜாக்கமங்கலத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் மெக்கானிக் அல்லன். பள்ளியில் கணக்கு கற்பிக்கிறவன். ஸ்கூட்டருக்கு பிளக் மாற்றியதற்கு மேல் எனக்கு அனுபவம் இருந்ததில்லை.

இந்த வண்டியைப் பழகாதவர்களுக்காகச் சில சொற்கள். மைசூரில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை உரிமம் பெற்று இங்கே செய்தது. 1973 முதல் அதே வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து இரண்டு சிலிண்டர் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் 65 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட ஒரே சிலிண்டர்தான். அதிலிருந்து புகை வெளியேற இரண்டு வாய்கள் இருக்கின்றன. கியர் லிவரும் கிக்கரும் ஒன்றே என்பது அதன் மற்றொரு தனித்தன்மை. லிவரை உள்ளே அழுத்திப் பின்னால் சுழற்றினால் கிக்கர்; வண்டி கிளம்பியதும் முன்னால் கொண்டுவந்து விட்டால் கியர். கியர் மாற்றும்போது லிவரே கிளட்சையும் விலக்கிவிடும் என்பதால், பழகியவர்கள் கிளட்ச் பிடிக்காமலேயே கியர் போடுவார்கள்.

வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்தியபோது ஒரு விஷயம் உறுத்தியது. இடப்பக்கத்தில் குரோமியம் ஓரளவு பளபளப்போடு இருந்தது. வலப்பக்கத்தில் சைலன்சர், ரிம், ஸ்போக் எல்லாம் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்தன. கார்புரேட்டரின் வெளிப்புறத்திலும் வலப்பக்க அலுமினிய மூடியிலும் வெள்ளை மாவு பூத்திருந்தது. குலசேகரம் கடலுக்கு வெகு தூரம் என்பதால் உப்புக் காற்றின் மேல் பழியைப் போட முடியவில்லை. அடுத்த முறை மாமா வீட்டுக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. வண்டி நின்ற இடத்துக்கு வலப்புறம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலக் கேன்கள் வரிசையாக இருந்தன. மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து 18 ஆண்டுகள் கசிந்த ஆவிதான் அந்தப் பக்கத்தைத் தின்றிருக்கிறது. காரணம் தெரிந்த பிறகு செய்கிற வேலையும் மாறியது. வெறுமனே துருவைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடித்திருந்தால் உள்ளே தங்கிய அமிலம் மறுபடி கிளம்பியிருக்கும். ஆகவே கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். ரப்பர் தோட்டத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் ஆசிட் கேனை வேறு கூரைக்கு மாற்றிவிடுவது நல்லது.

நீண்ட காலம் நின்ற வண்டியைக் கண்டதும் கிக்கரை மிதித்துப் பார்க்கத்தான் கால் துடிக்கும். அதை மட்டும் செய்யக் கூடாது என்று தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்து ஓய்வுபெற்ற ஆசான் ஒருவர் முதல் நாளே எச்சரித்தார். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும் நிலையில் மிதித்தால் ரிங் முறிந்து சுவரைக் கீறிவிடும். அவர் சொன்னபடி பிளக்கைக் கழற்றி, டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) சரிபாதி கலந்து அரை டம்ளர் ஊற்றி, ஆறு நாள் விட்டேன். ஏழாம் நாள் வண்டியை உயரமான கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது பிஸ்டன் நகர்ந்தது. கிக்கரைவிடச் சக்கரம் நல்லது. எவ்வளவு விசை போகிறது என்பது கைக்குத் தெரியும்.

பிறகு, பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். கண்டென்சரையும் பிளக்கையும் புதிதாக மாட்டினேன். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் வார்னிஷ் போல உறைந்திருந்தது. பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டுகளைக் கழற்றி, தின்னரில் ஊறவைத்து, கம்பியால் குத்தாமல் காற்றடித்து அடைப்பை எடுத்தேன். ஜூன் முதல் வாரத்தில், ஒரு சலைன் பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டு, ஒன்பதாவது மிதியில் வண்டி கிளம்பியது. தெருவே கூடியது. வெள்ளைப் புகை கூரையை மறைத்தது. "ரொம்ப நாள் நின்னதுல்லா, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னதை நானும் நம்பினேன். நம்புவதற்கு இனிமையாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

இந்த 18 மாதங்களில் நான் செய்த தவறுகளுள் பெரியது இதற்குப் பின் வந்தது. இன்ஜின் ஓடிவிட்டது, இனி அழகுபடுத்த வேண்டியதுதான் என்று எண்ணி, பிரேமைப் பிரித்துப் பெயிண்ட் வேலையில் இறங்கினேன். அதுவும் ஜூலை மாதத்தில். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைகிற நாள்கள் மிகச் சில. ஈரக் காற்றில் தெளித்த பெயிண்டில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதன்மேல் படிந்து, பால் ஊற்றியது போல வெளிறிவிடும். மெரூன் நிறம் அடித்த என் டேங்க் மறுநாள் காலையில் சாம்பல் பூத்த கத்தரிக்காய் போல் இருந்தது. முழுவதையும் சுரண்டி எடுத்து, பிப்ரவரியில் மீண்டும் அடித்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள உலர்ந்த நாள்களில், காலை பத்து மணிக்கு மேல், முந்தின இரவே தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிக் காயவிட்ட இடத்தில் அடித்தது நன்றாக நின்றது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் இரும்பை ஓர் இரவுகூட அப்படியே விடக் கூடாது. ராஜாக்கமங்கலத்தில் காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும். தேய்த்த அன்றே துடைத்து பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பிரேமுக்கு மட்டும் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். அனுப்பும் முன் சேசிஸ் எண் பொறித்த இடத்தில் வெப்பம் தாங்கும் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, கடைக்காரரிடம் நேரில் காட்டி, அங்கே மணல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கோட்டிங்கில் புதைந்துபோன எண் பெரிய தலைவலி.

இதற்கிடையே செப்டம்பரில் ஒரு சிறு கணக்கு என்னைத் திருத்தியது. பெயிண்டுக்குப் பிரிக்கும் முன் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றுவதற்காக வடித்தபோது, ஊற்றியதைவிட 100 மில்லிக்கு மேல் குறைந்திருந்தது. தரையில் ஒழுகிய தடம் இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போயிருக்கும்? டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் கலவையை உறிஞ்சுவதும் மேலே தள்ளுவதும் அந்த அறைதான். இந்த வண்டியில் கிராங்கின் இடப்பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் கியர் பாக்ஸின் அதே ஆயிலில் நனைந்து ஓடுகின்றன. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது ஓர் ஆயில் சீல் மட்டுமே. 18 ஆண்டில் அந்த சீல் கல்லாக இறுகி, பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்திருக்கிறது. வெள்ளைப் புகையின் காரணம் அதுதான். வலப்பக்க சீலும் அதே வயதுடையது. அது போனால் ஆயிலுக்குப் பதில் வெறும் காற்று நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வண்டி உறுமும். சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். மாமாவின் வண்டி மழையில் 'கரண்டு வராமல்' நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற ஐயம் அப்போது எழுந்தது. சிலிண்டரைத் தூக்கியபோது, புகைவாய்ப் பக்கம் பிஸ்டனில் நீளவாக்கில் உரசல் கோடுகள் இருந்தன. கண்டென்சர் கெட்டிருந்தது உண்மை. அதற்கு முன்பே பிஸ்டன் ஒருமுறை பிடித்து விட்டிருக்கிறது என்பதும் உண்மை.

இன்ஜினை முழுவதும் பிரித்தேன். வீட்டில் செய்யத் தக்கது எது, வெளியே கொடுக்க வேண்டியது எது என்பதை இந்தக் கட்டத்தில் நேர்மையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிப்பது, கழுவுவது, அளப்பது, சீல், பேரிங், பேக்கிங் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தாள்) மாற்றுவது, மீண்டும் பூட்டுவது ஆகியவை பொறுமை உள்ள யாராலும் முடியும். மூடித் திருகுகள் இறுகியிருந்தால் சாதாரண ஸ்குரு டிரைவரால் தலையைச் சிதைக்காமல், சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பேக்ட் டிரைவர் ஒன்றை முதலில் வாங்குங்கள். டைனமோ ரோட்டரைக் கழற்றச் சரியான புல்லர் வேண்டும், நெம்பக் கூடாது. கிராங்கைப் பிரித்து கனெக்டிங் ராடு கிட் மாற்றி நேர் பார்ப்பது, சிலிண்டர் போரிங் (உட்சுவரைக் கடைவது), குரோமியம் ஆகிய மூன்றுக்கும் வெளியே போகத்தான் வேண்டும்.

போரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கேற்ப சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். சிலிண்டரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடினால் இன்றைய டூப்ளிகேட் சந்தையில் அளவு பொருந்தாது. நான் கொடுத்த லேத்தில் வேலை பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உள்ளே விரலை ஓட்டியபோது புகைவாயின் விளிம்பு விரலைக் கீறியது. கடைந்த பிறகு வாய்களின் விளிம்புகளை மழுக்கிவிட வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை. அப்படியே பூட்டியிருந்தால் ரிங் அந்த விளிம்பில் மாட்டி ஒடிந்திருக்கும். மெல்லிய அரத்தாலும் உப்புத்தாளாலும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மழுக்கினேன். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்தேன். கால் மில்லிமீட்டர் அளவில் இருந்தது போதுமானது. பூட்டும்போது ரிங்கின் முனைகள் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சிறு ஊசிகளின் இருபுறமும் அமர்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே சிலிண்டரை இறக்க வேண்டும்.

பூட்டி முடித்ததும் காற்றுக் கசிவைச் சோதிக்க ஆசான் ஒரு வழி சொன்னார். வீட்டில் கிடந்த பழைய பிபி பார்க்கும் கருவியின் பந்தையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக்கைப் பூட்டி, இரண்டு புகைவாய்களையும் சைக்கிள் டியூப் துண்டாலும் கிளிப்பாலும் அடைத்து, கார்புரேட்டர் வாயில் குழாயைச் செருகி 250 வரை காற்றடித்தேன். முள் மெல்ல இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால் சிலிண்டருக்குக் கீழே பேக்கிங் ஓரத்தில் குமிழி. திரும்பப் பிரித்து, பேக்கிங் அமரும் முகத்தைத் துடைத்து, புதிய பேக்கிங் வைத்த பிறகு, ஐந்து நிமிடத்துக்கு முள் நகரவில்லை. செலவில்லாத இந்தச் சோதனையை ஜூன் மாதமே செய்திருந்தால் எனக்கு எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

டேங்கின் உட்புறத் துருவை மின்பகுப்பு முறையில் எடுத்தேன். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து டேங்கை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை டேங்கிலும், பாசிட்டிவ் முனையைத் துளை வழியே தொங்கும் ஒரு கம்பியிலும் மாட்ட வேண்டும். கம்பி டேங்கைத் தொடாதபடி ரப்பர் அடைப்பு போட வேண்டும். கம்பி சாதாரண இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில், நெருப்பும் பீடியும் அருகில் வராமல் செய்ய வேண்டும். டேங்கில் பெட்ரோல் வாடை சிறிதும் இல்லாதபடி கழுவிய பிறகே தொடங்க வேண்டும். இரண்டு நாளில் உள்ளே கறுப்புப் படலம் மட்டும் நின்றது. அலசி, வெயிலில் காயவைத்து, உடனே 2டி ஆயில் ஊற்றிச் சுழற்றினேன்.

சைலன்சர்களுக்குள் இருக்கும் தடுப்புக் குழாய்களில் கரி அடைத்திருந்தது. கதம்பை (தேங்காய் மட்டை) மூட்டிய தீயில் போட்டு எரித்து, ஆறியதும் கம்பி பிரஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். குரோமியத்துக்காக ரிம்மையும் சைலன்சரையும் மதுரைக்கு அனுப்பினேன். முதல் முறை வந்தவை நான்கே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தன. குரோமியம் பளபளப்புக்குத்தான், துருவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கிற நிக்கல். கடலோர வண்டி என்று சொல்லி, நிக்கலைக் கூடுதல் நேரம் ஏற்றச் சொல்லி, கூடுதல் பணம் கொடுத்து இரண்டாம் முறை செய்தது இன்றுவரை நிற்கிறது. பாகங்களில் சிலவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையிலும் சிலவற்றைப் பெங்களூரு ஜேசி சாலையிலும் வாங்கினேன். பழைய ஒரிஜினல் கிளட்ச் பிளேட்டும் புதிய டூப்ளிகேட்டும் ஒரே விலையில் இருந்தால் நான் பழையதையே எடுப்பேன்.

வயரிங் முடித்து, எல்லாம் பூட்டி, சாவியைப் போட்டபோது ஹாரனும் இல்லை, விளக்கும் இல்லை. இரண்டு மாலைகள் வயர் வயராகத் தேடினேன். பவுடர் கோட்டிங் என்பது தடித்த பிளாஸ்டிக் தோல். அதன் மேல் எர்த் திருகைப் பூட்டினால் மின்சாரம் திரும்பிப் போக வழி ஏது? எர்த் புள்ளிகளில் கோட்டிங்கைச் சுரண்டி, இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு வயரும் இழுத்தேன். ஆறு வோல்ட் வண்டியில் எர்த்தில் சிறிது நட்டம் வந்தாலும் ஹெட்லைட் மின்மினியாகிவிடும். பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைத்தேன். பாயிண்ட் விலகும் நொடியைக் கண்டுபிடிக்க, நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்தபடி ரோட்டரைத் திருப்பினால், தாள் நழுவும் இடம்தான் அது. அப்போது பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்பதை பிளக் துளை வழியே வெர்னியரால் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆர்சி வேலையை முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது இன்னொரு வருத்தம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக 25ஆம் எண் படிவத்தில் புதுப்பிக்க வேண்டும். காலாவதியானால் தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நல்லவேளையாக மாமா ஆர்சி புத்தகத்தை இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அது இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். 2021இல் வந்த மத்திய விதிகளில், 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு விஏ எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். சந்தைக்கும் பள்ளிக்கும் அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு வேண்டியது ஓடுகிற வண்டி.

2023 நவம்பரில், இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், குலசேகரத்துக்கு ஓட்டிச் சென்றேன். புதிய பிஸ்டன் பழகும் வரை லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில் கலந்தேன். இப்போது 40 மில்லி. ஒரே வேகத்தில் நெடுநேரம் முறுக்காமல், தக்கலையிலும் வேர்க்கிளம்பியிலும் நிறுத்தி ஆறவிட்டுப் போனேன். வீட்டில் நிறுத்தும் நாள்களில், வண்டி ஓடும்போதே பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் வற்றித் தானாக அணையும்படி விடுகிறேன். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்துக்கு அதை ஒரு வாரம் கார்புரேட்டரில் தேங்க விடுவது நல்லதன்று. குரோமியத்தின் மேல் ஞாயிறுதோறும் மாமா தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பாராம். நான் கேலி செய்துவிட்டு, இப்போது மெழுகு போட்டுத் துடைக்கிறேன்; செய்கிற வேலை ஒன்றுதான், என் டப்பா விலை அதிகம்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. வண்டியைச் சுற்றி வந்து, வலப்பக்க சைலன்சரை விரலால் தடவிப் பார்த்தார். ஆசிட் கேன் பற்றி நான் மறுபடி சொல்லத் தொடங்கியதைக் காதில் வாங்கவில்லை. லிவரை உள்ளே அழுத்திப் பின்னால் சுழற்றி, ஒரே மிதியில் கிளப்பினார். பிறகு குனிந்து பார்க்காமலேயே, கால் விரலால் லிவரை முன்னால் கொண்டுவந்து கியரில் தட்டினார். நான் மூன்று வாரமாகக் குனிந்து பார்த்துச் செய்கிற வேலை அது.

"பொக கொஞ்சம் கூடுதலா இருக்கே மக்கா, ஆயிலு எத்தன ஊத்துன?"

"ஐம்பது மாமா, பிஸ்டன் புதுசுல்லா."

"செரி" என்று சொல்லிவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் மண்பாதையில் இறக்கிவிட்டார்.